பர்மாவில் பட்ட குண்டு

"நாலு கால் உண்டு, மாடு இல்லை. சண்டைக்குப் போச்சு, சிப்பாய் இல்லை. விலாவில குண்டு வாங்குச்சு, சாகவும் இல்லை. அது என்ன?"

கேட்டவள் செந்தாமரை, ஆறாம் வகுப்பு. தஞ்சாவூரில் பழைய வாகனக் கண்காட்சி நடந்த மைதானத்தில், வந்தவர்களை எல்லாம் நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் விழித்தால், பக்கத்தில் நின்ற ஜீப்பைத் தட்டிக் காட்டினாள்.

இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜீப். போர் முடிந்து ராணுவம் ஏலம் விட்டபோது அவளுடைய கொள்ளுத்தாத்தா வாங்கியது. வைக்கோல் போருக்குப் பின்னால் கோழி அடையக் கிடந்ததை, அப்பா துரைராசு வருஷக்கணக்கில் ஒவ்வொரு போல்ட்டாகத் தேடிப் பூட்டி ஓட வைத்திருந்தார். பச்சைப் பெயிண்ட், முன்னால் வெள்ளை நட்சத்திரம், எல்லாம் அந்தக் காலத்தில் இருந்தபடி.

இடப்பக்கத் தகட்டில் இருந்த ஒரு துளையை மட்டும் அவர் சரி செய்யவில்லை. அதற்கு மேலே ஒரு சின்னப் பலகையைத் திருகி வைத்திருந்தார்: 'பர்மா போர்முனையில் பட்ட குண்டு.'

மதியம் நடுவர் வந்தார். பெயர் அரசப்பன். ராணுவ ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். துரைராசுவின் ஊர்தான், காலனித் தெரு. ஊரில் துரைராசு அவரைப் பெயர் சொல்லியும் கூப்பிட்டதில்லை, சார் என்றும் கூப்பிட்டதில்லை.

"வாங்க சார்," என்றார் இப்போது.

அரசப்பன் குனிந்து இன்ஜின் நம்பரைப் பார்த்தார். அடியில் இருந்த வில்பட்டையைத் தட்டிப் பார்த்தார். செந்தாமரை விடுகதையைப் போட்டாள். அவர் கடைசி வரை கேட்டுவிட்டுச் சிரித்தார். பிறகு பலகையைப் படித்தார். துளையைத் தொடவில்லை.

"நல்லா செஞ்சிருக்கீங்க தம்பி. இந்தத் துளையை மட்டும் அடைச்சிடுங்க."

"அதுதானே சார் இந்த வண்டிக்கே பெருமை?"

"பாப்பா ரொம்ப நல்லா சொல்லுது. அதுக்குத்தான் சொல்றேன். சாயங்காலத்துக்குள்ள அடைச்சு, மேல கொஞ்சம் பெயிண்ட் அடிச்சிடுங்க. முதல் பரிசுக்கு இதுதான் நிக்குது."

சொல்லிவிட்டு, அடுத்து நின்ற ராணுவ மோட்டார் சைக்கிளுக்குப் போய்விட்டார்.

"பார்த்தியா?" என்றார் துரைராசு. "நம்ம வண்டிக்கு ஒரு பெருமை இருந்தா அந்த ஆளுக்குப் பொறுக்கலை. அவங்கப்பா நம்ம களத்துல நெல் தூத்தினவரு. இவரு இப்ப மார்க் போட வந்துட்டாரு."

"அப்ப அடைக்க வேணாமாப்பா?"

"பரிசு வேணும்ல? இப்ப அடைப்போம். ஊருக்குப் போய் மறுபடி நோண்டிக்கலாம்."

அவர் டூல் பெட்டியைத் திறந்து, துளையை அடைக்க ஒரு அட்டையில் பட்டி குழைத்தார். செந்தாமரை உப்புத்தாளால் துளையைச் சுற்றித் தேய்த்தாள்.

"ஸ்ஸ்." விரலில் ரத்தம்.

கையை வண்டிக்குள் விட்டு, அந்தப் பக்கமிருந்தும் தடவிப் பார்த்தாள்.

"அப்பா, பிசிறு வெளிப்பக்கம்தான் இருக்கு. உள்பக்கம் வழவழன்னு இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும். தேய்."

"இல்லப்பா. ஸ்கூல் தோட்டத்துக்குப் பால் டின்னுல ஆணி அடிச்சுப் பூவாளி செஞ்சோம். அடிச்ச பக்கம் ஒண்ணும் பண்ணலை. ஆணி வெளியே வந்த பக்கம்தான் கையைக் கிழிச்சுச்சு."

துரைராசு பட்டி குழைப்பதை நிறுத்தினார்.

"ஜப்பான்காரன் வெளியேருந்துதானே சுட்டிருப்பான்? இது வண்டிக்குள்ளேருந்து சுட்டது."

"மெதுவாப் பேசு."

"உள்ள யாருப்பா இருந்தா?"

துருவைச் சுரண்டிய நாளில் அதே பிசிறு அவர் விரலையும் கிழித்திருந்தது. அதற்குப் பிறகுதான் அவர் அந்தப் பலகையை எழுதினார்.

"என் தாத்தா," என்றார். "நம்ம வயல் ஆளுங்க கூலியை ஏத்திக் கேட்டு, அறுப்புக்கு இறங்காம வரப்புல உக்காந்துட்டாங்க. இவரு வண்டியில இருந்தபடியே துப்பாக்கியைத் தூக்கினாரு. டிரைவர் துப்பாக்கிக் குழலைக் கீழே தட்டிவிட்டாராம். குண்டு தகட்டைத் துளைச்சுக்கிட்டுப் போய்த் தொடையில பாஞ்சுச்சு."

"யாரு தொடையில?"

துரைராசு மோட்டார் சைக்கிள் பக்கம் நின்ற அரசப்பனைப் பார்த்தார்.

"அவங்க அப்பாவுக்கு. அப்புறம் கடைசி வரைக்கும் கம்பு ஊணித்தான் நடந்தாரு."

"அது அவருக்குத் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும்."

"எனக்குத் தெரியாதே."

துரைராசு குனிந்து பட்டியை அட்டையின் ஓரத்துக்கு வழித்தார்.

"காலையிலேருந்து எல்லார்கிட்டயும் சொன்னேன். அவர்கிட்டயும் சொன்னேன்." அவள் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். "அவரு நல்லா சொல்றேன்னுதாம்பா சொன்னாரு."

மோட்டார் சைக்கிளுக்கு அருகே அரசப்பன் யாரிடமோ ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"இனிமே நான் ஊர் ஊரா இதைச் சொல்லிக்கிட்டு நிக்கக் கூடாதுன்னுதான் அடைக்கச் சொன்னாரா?"

துரைராசு குனிந்தபடியே ஆமென்று தலையை அசைத்தார். பட்டி காயத் தொடங்கியிருந்தது. அட்டையோடு அதை மகளிடம் நீட்டினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீயே அடைச்சிடும்மா. அடைச்சிட்டா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. பரிசும் நமக்குத்தான்."

செந்தாமரை துளையை அடைக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பலகையைக் கழற்றினாள்.