காலுறை மாட்டிய புட்டி

செருப்புக்கடைச் சரக்கறையில், அட்டைப்பெட்டிகளில் சாய்ந்தபடி அவள் மார்பில் பால் எடுக்கும் பம்ப் வைத்திருக்கிறாள். தத்தெடுத்த குழந்தைக்குத் தாய்ப்பால் ஊறவைக்கலாம் என்று டாக்டர் சொன்னபடி ஐம்பது நாளாகப் பம்ப் வைத்தும் ஒரு சொட்டுப் பால் ஊறவில்லை. காலிப் புட்டியைப் பார்த்தால் மனசு விட்டுப்போகிறது என்று அதன்மேல் குழந்தையின் காலுறையை மாட்டியிருக்கிறாள். இருபது நிமிடமானதும் நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறாள். கல்லாவில் உட்காரும் அக்கா வந்து, வழக்கம்போல் காலுறையை உருவி அவள் மடியில் போட்டுவிட்டுப் புட்டியைக் கழற்றி மூலைக் குழாயில் கழுவுகிறாள்.

“ஏன்டி, அடியில என்னமோ வெள்ளையா ஒட்டியிருந்துச்சே?”

“கழுவிட்டீங்களாக்கா?”

அக்காவின் கை குழாயடியிலேயே நின்றுவிடுகிறது. குழாய் சொட்டுகிறது. வெளியே யாரோ ஏழாம் நம்பர் கேட்கிறார்கள்.

“குடுங்க” என்று அவள் புட்டியை வாங்கி மறுபடி பம்பில் பொருத்துகிறாள். காலுறை மடியிலேயே கிடக்கிறது.