முன்பக்கத்து மண்

பொண்டாட்டியின் பையைத் திறக்க அவனுக்குப் பயமாக இருந்தது.

உள்ளே மூன்று கவர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பனியன், ஒரு டவுசர். மூன்று ஊர்களில் ஆடிய கபடிப் போட்டிகள்.

ஆடினாளா என்பதுதான் கேள்வி.

பாண்டிமீனா வந்ததும் வராததுமாக மகளைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டாள். இரண்டு நாள் ரயில். ஒரு வார்த்தை பேசவில்லை. அவனும் கேட்கவில்லை.

கிளம்பும்போது சொல்லியிருந்தாள்.

"இந்தத் தடவையும் உக்கார வச்சாய்ங்கன்னா, கபடியே வேணாம். விட்டுர்றேன்."

பிள்ளை பெற்று, மறுபடி ரயில்வே டீமுக்குப் போய் இரண்டு வருஷம். இரண்டு வருஷமும் மாற்று ஆள்தான்.

அந்தத் தெருவில் பொண்டாட்டி துணியைத் துவைக்கிற ஆம்பிளை அவன் ஒருத்தன்தான். தெரு சும்மா விடுமா? எதிர்வீட்டுப் பஞ்சவர்ணம் அக்காவுக்கு அவன்தான் காலை நேரப் பொழுதுபோக்கு. அதையெல்லாம் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவான். "ஓசி ரயில்ல ஊர் சுத்திட்டு வர்றா" என்று அவளைச் சொன்னதுதான் உறைத்தது.

வாளியில் தண்ணீர் பிடித்தான்.

திண்டுக்கல் ஸ்டேஷனைத் தாண்டி அவன் எங்கும் போனதில்லை. ஆனால் நாட்டில் உள்ள மண்ணெல்லாம் அவன் வாளிக்கு வந்திருக்கிறது. போன வருஷம் வந்த ரத்னகிரி மண் செங்கல் நிறம். ஐந்து துவைப்புக்கும் அசையவில்லை. நம்மூர்ச் செம்மண் அதற்குத் தம்பி.

நிறத்தைவிட முக்கியம், மண் எங்கே ஒட்டியிருக்கிறது என்பது.

பின்பக்கம் மட்டும் என்றால், உட்கார வைத்திருக்கிறார்கள்.

முதல் கவர், பிக்கானீர். டவுசரை உதறினான். பொலபொலவென்று மணல் கொட்டியது.

பின்பக்கம் மட்டும்.

இரண்டாவது, பாட்னா. கங்கைக்கரை வண்டல், மாவு மாதிரி. ஒரே அலசலில் போய்விடுகிற நல்ல மண்.

அதுவும் பின்பக்கம்.



மூன்றாவது, யவத்மால். தூக்கும்போதே கனத்தது.

கரிசல்.

நெஞ்சில். முழங்கையில். இரண்டு தோளிலும். காய்ந்து, வெடித்து, அப்பளம் அப்பளமாக ஒட்டியிருந்தது. நெஞ்சிலிருந்த நம்பரே தெரியவில்லை.

இறக்கிவிட்டிருக்கிறார்கள்!

பனியனைத் தரையில் விரித்தான். இடுப்பைச் சுற்றி விரல் தடங்கள். ஒரு கை, இன்னொரு கை, அந்தப் பக்கம் இரண்டு. எதிரணிப் பக்கம் கபடி பாடிப் போனவளை மூன்று நாலு பேர் சேர்ந்து மடக்கியிருக்கிறார்கள்.

பிடிபட்டாளா?

ஒவ்வொரு தடமாகத் தடவிப் பார்த்தான். ஒன்றுகூட நின்ற இடத்தில் நிற்கவில்லை. எல்லாம் கீழே இழுபட்டு, நீண்டு, பனியன் நுனியில் போய் முடிந்திருந்தன.

ஈரக் கையோடு உள்ளே ஓடினான்.

மகளின் மேல் கிடந்த அவளுடைய வலது கையை எடுத்துப் பார்த்தான். நான்கு நகங்களுக்குள்ளும் கறுப்பு. இரண்டு நாளாகக் கழுவிச் சாப்பிட்ட கைதான். கரிசல் நகத்துக்குள் போனால் லேசில் வராது.

பிடியை உதறி வந்து நடுக்கோட்டைத் தொடச் சொன்னால், தோண்டியிருக்கிறாள்.

கழுதை, வாயைத் திறந்து சொன்னால்தான் என்ன?

அவள் கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வெளியே வந்து வாளித் தண்ணீரை முருங்கைக்கு ஊற்றினான். பனியனைத் தெருப் பக்கத்துக் கொடியில் போட்டான்.

"என்ன தம்பி, அழுக்கோடயே காயப் போட்டுருக்க?" பஞ்சவர்ணம் அக்கா வாசலுக்கு வந்துவிட்டாள்.

அவன் பனியனைத் திருப்பி, முன்பக்கம் அக்கா வீட்டைப் பார்க்கிற மாதிரி போட்டு, இரண்டு கிளிப் மாட்டினான்.