மாதிரிக்கு மட்டும்

"ஒரு நாளைக்கு முப்பது ஃபோன் சார். எண்ணிப் பாத்துட்டுதான் சொல்றேன்" என்று மேனேஜரிடம் சொன்னான் அவன்.

அலுவலகத்தில் அவனுக்குப் பெயர் 'புதுசு'. சேர்ந்து ஆறு மாதம் ஆகியும் அந்தப் பெயர் பழசாகவில்லை. மொபைல் ஆப் எழுதுவது அவன் வேலை. எதிர் சீட்டில் வழிகாட்டி அக்கா. ஆப் எழுதுகிறவர்கள் எதை எப்படிச் செய்யவேண்டும் என்று பக்கம் பக்கமாக விளக்கமும் விதிமுறையும் எழுதி வைப்பவர்.

அந்த அக்காவும் இப்போது அவன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். மேனேஜரின் மேஜைமேல் அக்காவுடைய ஒப்பந்தத் தாள் இருந்தது. இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிக்க வேண்டுமென்றால் மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும்.

"அப்படி என்னதான் பேசறாங்க?"

புதுசு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "'கண்ணாடியப் போட்டுக்கோங்கப்பா, மேல மூணு கோடு தெரியுதா'ம்பாங்க. வச்ச உடனே இன்னொண்ணு. 'பதறாதீங்கம்மா, மெதுவா அழுத்துங்க'. அக்காவுக்கு மொத்தம் எத்தனை அப்பா, எத்தனை அம்மான்னு எனக்கே கணக்கு விட்டுப்போச்சு சார்."

மேனேஜர் சிரிக்கவில்லை. "யாரும்மா இவங்கல்லாம்?"

அக்கா ஒரு நொடி புதுசைப் பார்த்தார். பிறகு, "வேண்டப்பட்டவங்கதான் சார். வயசானவங்க. வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் கொறைஞ்சிடும்" என்றார்.

"வெள்ளிக்கிழமை என்ன, எல்லாரும் ஒண்ணா ஊருக்குக் கெளம்பறாங்களா?"

மேனேஜர் கணினியில் பிழைப் பட்டியலைத் திறந்தார்.

"போன மாசம் ஒரு தப்பு வேற உங்க பேர்ல இருக்கு. வழிகாட்டியில தெளிவில்லைன்னு. நீங்களே பதிஞ்சிருக்கீங்க. வேலையில கவனம் இருந்தா இது வருமா?"

"வராது சார்."

"சரி, போங்க. சாயங்காலம் சொல்றேன்." தாளைக் கையெழுத்துப் போடாமலே மூடிவைத்தார். பிறகு புதுசு பக்கம் திரும்பினார். "உன் நிரந்தர ஆர்டர் வெள்ளிக்கிழமை வந்துடும். ஆறு மாசத்துல ஒரு தப்பு கிடையாது. அப்படியே இரு."

அந்த ஆர்டரைப் பற்றி அவன் அப்பா ஏற்கெனவே தெருவெல்லாம் சொல்லி வைத்துவிட்டார். குடும்பத்தின் முதல் பட்டம், முதல் நிரந்தர வேலை.

வெளியே வந்ததும், "கோவமாக்கா?" என்று கேட்டான்.

"தொந்தரவா இருக்குன்னு என்கிட்டயே சொல்லியிருக்கலாமே தம்பி. மாடிப்படியில நின்னு பேசியிருப்பேன்." அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் அக்கா முகம் கழுவப் போய்விட்டார்.

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

அக்காவின் மேஜைமேல் ஃபோன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. அப்புறம் பேசச் சொல்லி வைத்துவிடலாம் என்று எடுத்தான்.

"அம்மாடி, நான்தான். இன்னைக்கும் அந்த டாக்டர் சீட்டு ஏற மாட்டேங்குது." நடுங்கும் கிழக்குரல்.

"அக்கா சீட்ல இல்லங்க. நீங்க அவங்களுக்கு என்ன உறவு?"

"உறவெல்லாம் கெடையாதுப்பா. மருந்துக்கடை ஆப்புல கீழ உதவின்னு ஒரு பட்டன் இருக்குல்ல, அதை அழுத்துவேன். அந்தப் பொண்ணு எடுத்து, பொறுமையா சொல்லிக் குடுக்கும். நீ புதுசா?"

மருந்துக்கடை ஆப் அவன் எழுதியது. வெளியாகி இரண்டு மாதம் ஆகிறது. அவனுடைய முதல் ஆப்.

சீட்டைப் படம் எடுத்து ஏற்றும் விதத்தைக் கிழவருக்குச் சொல்லி முடித்துவிட்டு ஃபோனை வைத்தான்.

அக்கா எழுதிய வழிகாட்டியைத் திறந்தான். 'உதவி பட்டன் வைப்பது எப்படி' என்ற பக்கம். அதிலிருந்த மாதிரி புரோகிராம் வரிகளை அப்படியே எடுத்துத் தன் ஆப்பில் ஒட்டியிருந்தான். அந்த வரிகளுக்குக் கீழே, அன்றைய அவசரத்தில் அவன் படிக்காத ஒரு குறிப்பு தடித்த எழுத்தில் இருந்தது.

'இந்த ஃபோன் எண் மாதிரிக்கு மட்டும். முகம் தெரியாத யார் வீட்டிலும் மணி அடிக்கக் கூடாது என்பதால் என் சொந்த எண்ணைப் போட்டிருக்கிறேன். ஆப்பை வெளியிடும் முன் மாற்றிவிடவும்.'

போன மாதம் அக்கா அவனிடம் வந்து நின்றது நினைவுக்கு வந்தது.

"தம்பி, மருந்துக்கடை ஆப்புல அந்த உதவி பட்டனை ஒரு தடவை பாத்துடறியா?"

"உங்க வழிகாட்டியில இருக்கற மாதிரியேதான் வச்சிருக்கேன்க்கா. ஒரு எழுத்து மாத்தல."

அதைப் பெருமையாக வேறு சொல்லியிருந்தான். அக்கா தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

பிழைப் பட்டியலைத் திறந்தான். அதே நாள் தேதியில் ஒரு பதிவு. மருந்துக்கடை ஆப், உதவி எண் தவறு. திருத்தம்: எண்ணை நானே மாற்றிவிட்டேன். புதிய பதிப்பு வெளியாவது: வெள்ளிக்கிழமை. யாருடைய தவறு என்ற கட்டத்தில் அக்கா தன் பெயரை எழுதியிருந்தார். காரணம் என்ற கட்டத்தில், வழிகாட்டியில் தெளிவில்லை.

தடித்த எழுத்துக் குறிப்பை இன்னொரு முறை படித்தான். அதைவிடத் தெளிவாக யாராலும் எழுத முடியாது.

மறுபடி ஃபோன் அடித்தது.

"புதுசு, அதை அணைச்சுத் தொலையேன்" என்றது பக்கத்து சீட்டு.

அவன் அணைக்கவில்லை. அடித்துக்கொண்டிருந்த ஃபோனைக் கையில் எடுத்துக்கொண்டு போய் மேனேஜர் அறைக் கதவைத் தட்டினான்.

"சார், இது அக்காவோட ஃபோன்தான். ஆனா அந்த முப்பதும் எனக்கு வரவேண்டியது."