மைதானத்து அபராதம்

"பிள்ளைங்க விளையாடற இடம் மேடம். அதுக்குப் போய் அபராதமா? மனசாட்சி வேணாமா?"

வார்டு உறுப்பினர் மேஜையைத் தட்டினார். வரிப் பிரிவுக் கண்காணிப்பாளர் அம்மாவுக்குத் தன் அலுவலகத்தார் மேல் வந்த கோபத்தில் முகம் காது வரை சிவந்தது. மாற்றலாகி வந்த பத்தே நாளில் மூன்று வருஷத்து ஃபைல்களை முடித்துத் தள்ளியவர். அலுவலகத்தில் அவருக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

மைதானம் விளையாட்டுத் துறைக்குச் சொந்தம். நகரசபைக்குக் கட்ட வேண்டிய வரியை அந்தத் துறை பன்னிரண்டு வருஷமாகக் கட்டவில்லை. அபராதம் குட்டி போட்டு வரியையே மிஞ்சிவிட்டது. பொது நிலங்களுக்கு அபராதம் தள்ளுபடி என்று உத்தரவு வந்திருந்தது. இன்று மாலை ஐந்து மணியோடு சலுகை முடிகிறது. இப்போது நாலரை.

"வரியை நானே நாலு பேர்கிட்ட வசூல் பண்ணிக் கட்டிட்டேன். தள்ளுபடிக்கு ஆறு தடவை மனு கொடுத்தேன். ஆறையும் உங்க குமாஸ்தா திருப்பிட்டார்."

குமாஸ்தா ஃபைலோடு வந்து நின்றார். எதிலும் நொட்டை சொல்கிறவர் என்று ஊரறிந்த மனிதர்.

"ஏன் சார் திருப்பினீங்க?"

"ஒரு தடவை நகல் இல்ல. ஒரு தடவை நகல்ல முத்திரை இல்ல. அப்புறம் முத்திரை தலைகீழா இருந்தது மேடம்."

"எல்லாத்தையும் முதல் தடவையே சொல்றதுக்கென்ன?"

"ஒரு தடவைக்கு ஒண்ணுதான் மேடம் கண்ணுல படுது."

"கேட்டீங்களா?" என்றார் உறுப்பினர். அதற்குள் கைப்பேசி அடித்தது. பேசிக்கொண்டே வராந்தாவுக்குப் போனார்.

கண்காணிப்பாளர் பேனாவைத் திறந்தார். "இப்ப இந்த ஏழாவது மனுவுல ஏதாவது குறை இருக்கா?"

"இல்ல மேடம். நானும் மத்தியானத்துலேர்ந்து தேடறேன்."

"வெக்கமா இல்ல உங்களுக்கு?"

குமாஸ்தா வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பாக்கி இருக்கிற நிலத்தை விக்க முடியாது மேடம். நீங்க கையெழுத்துப் போட்டா பாக்கி தீர்ந்துடும். அடுத்த வாரமே துறை மைதானத்தை வித்துடும். ஆறு மாடிக் கட்டடத்துக்கு வரைபடம்கூட வந்தாச்சு. கட்டடப் பிரிவுல கேட்டுப் பாருங்க. கொடுத்தது இந்த உறுப்பினரோட மச்சான்."

கண்காணிப்பாளருக்குச் சுருக்கென்றது. உடனே கட்டடப் பிரிவுக்குப் போன் போட்டார். ஆமாம் என்றார்கள்.

"இதை எங்கிட்ட முன்னாடியே சொல்லக் கூடாதா சார்?"

"நீங்க எங்க மேடம் நின்னு கேட்டீங்க?"

அம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. உறுப்பினர் கைப்பேசியைப் பையில் போட்டபடி உள்ளே வந்தார். மணி நாலு நாற்பது.

"ஆச்சா மேடம்?"

"ஆச்சு. மனு சுத்தமா இருக்கு. இடத்தை ஒரு தடவை நேர்ல பார்த்துட்டா கையெழுத்துதான் பாக்கி."

"அவ்வளவுதானே? கார் வாசல்லயே நிக்குது. அஞ்சு நிமிஷம்."

"ஐயையோ, மனு கொடுத்தவர் வண்டியில நான் ஏறலாமா? ரூல் ஒத்துக்காதே." எக்ஸ்பிரஸ் எழுந்து நின்று, முட்டியைப் பிடித்துக்கொண்டார். "நடந்தே போயிடலாம். ரெண்டு கிலோமீட்டர்தானே? எனக்கு முட்டிவலி, கொஞ்சம் மெதுவாத்தான் வருவேன்."