பெயர் எழுதும் பாக்டீரியா

கணினியும் உயிரியலும் சேர்ந்த அந்தப் பட்டப்படிப்பில், கடைசி வருடம் ஆளுக்கு ஒரு பாக்டீரியாவுக்கு நிரல் எழுதி வளர்க்க வேண்டும். தன்னைப் படைத்தவர் யார் என்பதை அந்த பாக்டீரியாவே இருட்டில் ஒளிரும் எழுத்தில் எழுதிக் காட்டும். நிலோஃபருக்குக் கடல் பிளாஸ்டிக்கைத் தின்னும் கிருமி செய்ய ஆசை. அந்த ஆராய்ச்சிக்கு இடம் கிடைக்க, இந்த வைவா என்ற வாய்மொழித் தேர்வில் முதல் வகுப்பு வேண்டும். கனவு காணக் கிடைத்த நேரம் நிரல் எழுதக் கிடைக்கவில்லை.

"என்னோடத எடுத்துக்கடி. பேரை மட்டும் மாத்திடு" என்று சீனியர் ஜெசிந்தா அக்கா கொடுத்தாள். நிலோஃபர் முதல் வரியில் மட்டும் மாற்றினாள்; மீதி நிரலைப் படித்துப் பார்க்கவில்லை.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பேராசிரியர் சபாபதி விளக்கை அணைத்தார். கண்ணாடித் தட்டில் 'நிலோஃபர்' என்று பச்சையாக ஒளிர்ந்தது. பாக்டீரியா அதோடு நிற்கவில்லை. கீழே 'ஜெசிந்தா' என்று எழுதியது.

"இது யாரும்மா?"

"சீனியர் அக்கா, சார்."

அடுத்து 'முருகவேள்' என்று வந்தது.

பக்கத்தில் நின்ற துறை ஆசிரியர் முருகவேள் இருமினார். "நான்தான் சார். படிக்கிற காலத்துல..."

"வாத்தியாரும் திருட்டு, பிள்ளையும் திருட்டு. இதுக்குப் பேரு படிப்பா? ஒருத்தரையும் விடமாட்டேன்" என்று சபாபதி சீறினார்.

நான்காவது வரி ஒளிரத் தொடங்கியது. 'சபா' வரைக்கும் வந்தது.

சபாபதி எட்டி விளக்கைப் போட்டார். தட்டு வெறும் தட்டாகத் தெரிந்தது.

"நல்லா வளர்ந்திருக்கு, முதல் வகுப்பு" என்றார். "கரண்ட் இருக்கும்போது எதுக்கும்மா இருட்டுல நிக்கணும்?"