மேஜைமேல் விழுந்த பாக்கெட்

பேக்கன் பாக்கெட்டை உணவறை மேஜைமேல் பொத்தென்று போட்டார் வில்லாஸ். யாருடைய பிறந்தநாளுக்கோ நட்டு வைத்திருந்த சின்ன டென்மார்க் கொடி சாய்ந்து காபிக்குள் விழுந்தது.

"லண்டன் கடையில நானே காசு கொடுத்து வாங்கினது. போலந்துச் சரக்கு. நம்ம பாக்கெட்டைவிட விலை கம்மி. இங்கிலீஷ்காரி எதை எடுப்பா? நீங்களே சொல்லுங்க."

டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியிலிருந்த அந்தச் சின்ன ஊரில் பன்றி இறைச்சி ஆலையை விட்டால் பிழைப்புக்கு வேறு வழி கிடையாது. ஆலை, பன்றி வளர்க்கிற விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம். வில்லாஸ் அதன் தலைவர்.

"அதுக்கு?" என்றான் எஸ்கில்.

எஸ்கில் தொழிலாளர்களின் பிரதிநிதி. பதினைந்து வயதில் கத்தி பிடித்தவன். மூக்குக்கு மேல் கோபம். பேரம் என்று வந்துவிட்டால் எதிரே இருப்பவன் தண்ணீர் கேட்பான்.

"கூலியில நூத்துக்குப் பதினஞ்சு குறைக்கணும்."

"ஏன், உங்க பன்றி விலையைக் குறைக்கிறதுதானே!"

"அதையும் குறைச்சாச்சு எஸ்கில். நானும் ஒரு விவசாயிதான்." வில்லாஸின் கண் கலங்கியது. "இல்லேன்னா இழுத்து மூட வேண்டியதுதான்."

சாயங்காலம் வரை கத்தினான் எஸ்கில். மேஜையைக் குத்தினான். பதினைந்தைப் பத்தாக்கினான். அதற்குமேல் வில்லாஸ் ஒரு இம்மி நகரவில்லை.

தன் ஆட்கள் பக்கம் திரும்பினான். "கையைத் தூக்குங்க."

"உனக்கு எவ்வளவுப்பா கிடைச்சுது?" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"வேலை வேணும்னா தூக்குடா!"

முதல் கை அவனுடையதுதான். பிறகு ஒவ்வொன்றாக எல்லாக் கைகளும் எழுந்தன.

ஒரு குளிர்காலம் தாண்டவில்லை. ஆலையை மூடுகிறோம் என்று அறிவிப்பு வந்துவிட்டது. போலந்துக்காரன் விலையை இன்னும் இறக்கிவிட்டானாம்.

கடைசி நாள். உடை மாற்றும் அறையில் லெஷெக் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தான். போலந்துக்காரன், வருஷக்கணக்காக எஸ்கிலுக்குப் பக்கத்தில் நின்று இறைச்சி வெட்டியவன்.

எஸ்கில் அலமாரிக் கதவை எட்டி உதைத்தான். "இப்ப சந்தோஷமா? எங்க வயித்துல அடிச்சுட்டீங்களேய்யா!"

"எனக்கும்தான் வேலை போச்சு."

"உனக்கென்ன? உன் தம்பி அங்கே பேக்கன் ஆலையிலதானே இருக்கான். போய் அவன் பக்கத்துல நின்னுக்கோ!"

"அவனுக்கே கூலியைக் குறைச்சுட்டாங்க. நேத்துதான் போன்ல சொன்னான்."

"குறைச்சா வாங்கிக்குவானா? முதுகெலும்பே கிடையாதா உங்களுக்கெல்லாம்?"

லெஷெக் குழாயை மூடினான்.

"என்ன செய்வான்? முதலாளியே நேர்ல வந்து ஒரு பாக்கெட்டை மேஜைமேல போட்டாராம். 'லண்டன்ல வாங்கினேன், இதைவிட விலை குறையணும். அங்கே கூலியைக் குறைச்சுக்கிட்டாங்க, நீங்களும் குறைச்சுக்கணும். இல்லேன்னா இழுத்து மூட வேண்டியதுதான்'னாராம்."

எஸ்கிலின் குரல் இறங்கியது. "எந்த பாக்கெட்?"

"நம்மளுதுதான். கொடி போட்டது. நீயும் நானும் வெட்டின சரக்கு."

"யாருய்யா அந்த முதலாளி?"

"தம்பிக்குப் பேர் வாயில நுழையல. போன வருஷம் அந்த ஆலையை வாங்கின டென்மார்க் சங்கத்தோட தலைவராம்." லெஷெக் பூட்ஸைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தான். "நல்ல மனுஷன்னுதான் சொல்றான். 'நானும் ஒரு விவசாயிதான்'னு சொல்லும்போது கண்ணே கலங்கிடுச்சாம்."