தீர்வு இல்லை

“மூணே மூணு வரிம்மா. பத்து மார்க் கணக்கை மூணே வரியில முடிச்சு, கீழே ‘தீர்வு இல்லை’ன்னு எழுதிக் கொடுத்திருக்கா உங்க பொண்ணு!”

கணக்கு வாத்தியார் விடைத்தாளை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தார்.

பெற்றோர் சந்திப்பு நாள். பெஞ்சுக்குப் பெஞ்சு பிள்ளைகளும் பெற்றவர்களுமாக வகுப்பு நிறைந்திருந்தது. அம்மா பஸ் டிரைவர். அடுத்த டிரிப்புக்கு நாற்பது நிமிஷம்தான் இருந்ததால் சீருடையோடு ஓடி வந்திருந்தாள்.

“இதே கணக்கை இருபத்தாறு பேர் அழகா போட்டு, பத்துக்குப் பத்து வாங்கியிருக்காங்க. தெரியலைன்னா விட்டுட்டுப் போகணும். கணக்கே தப்புன்னு எனக்கே பாடம் எடுக்கறதா?”

பின் பெஞ்சில் ஒரு அப்பா சிரித்தார்.

அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. மகள் வாங்கியிருந்தது ஐம்பத்து நாலு. அடுத்த வருஷம் கணக்குப் பிரிவில் சேர வேண்டுமானால் அறுபது வேண்டும்.

“ஏண்டி, படிக்கலைன்னா படிக்கலைன்னு சொல்லு. வாய் மட்டும் காது வரைக்கும் இருக்கு.”

“படிச்சேம்மா. தெரிஞ்சுதான் எழுதினேன்.”

“பார்த்தீங்களா? இதுக்குத்தான் பசங்க இவளுக்கு ‘ஏன்’னு பேரே வெச்சிருக்காங்க. எதுக்கெடுத்தாலும் ஏன், ஏன், ஏன்!”

ஒவ்வொரு வகுப்பாகப் பார்த்துக்கொண்டு வந்த தலைமையாசிரியை வாசலில் நின்றார்.

“என்ன சார் சத்தம்?”

வாத்தியார் மறுபடி முதலிலிருந்து சொன்னார், இன்னும் கொஞ்சம் உப்பு காரம் சேர்த்து.

தலைமையாசிரியை மகள் பக்கம் திரும்பினார். “நீ சொல்லும்மா. எதுக்காக அப்படி எழுதின?”

“போர்டுல போட்டுக் காட்டட்டுமா மேடம்?”

அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். “சும்மா இருடி. இருக்கற மானமும் போயிடும்.”

அதற்குள் அவள் போர்டுக்குப் போய்விட்டாள். வினாத்தாளைப் பார்த்து அப்படியே எழுதினாள்.

2x + 3y = 14
4x + 6y = 4

எழுதி முடித்து, வகுப்புப் பக்கம் திரும்பினாள்.

“முதல் வரியை ரெண்டால பெருக்கினா 4x + 6y = 28 வருது மேடம். ஆனா ரெண்டாவது வரியில அதே 4x + 6y வெறும் 4னு இருக்கு. ஒண்ணே எப்படி 28ஆவும் 4ஆவும் இருக்கும்? x-க்கும் y-க்கும் எந்த நம்பரைப் போட்டாலும் ரெண்டு வரியும் ஒத்து வராது. அதான் தீர்வு இல்லைன்னு எழுதினேன்.”

“எல்லாரும் பக்கம் பக்கமா எழுதறப்போ, நீ மட்டும் இல்லைன்னு எழுத பயமா இல்லையா?” என்றார் தலைமையாசிரியை.

“ரொம்ப பயமா இருந்துது மேடம். மூணு தடவை அடிச்சு அடிச்சுப் போட்டேன். மூணு தடவையும் இதேதான் வந்துது. வராததை வந்த மாதிரி எப்படி எழுதறது?”

போர்டையே முறைத்துக்கொண்டிருந்த அம்மா மெதுவாக எழுந்தாள். “அதாவது, ஒரே பஸ் ஒரே நேரத்துல ரெண்டு டிப்போவுல நிக்குதுன்னு சொல்ற மாதிரி?”

“அதேதாம்மா!”

“அப்ப என் பொண்ணு எழுதினது சரிதானே சார்?” நெரிசலில் ஹாரன் அடித்த மாதிரி கேட்டது அந்தக் குரல்.

வாத்தியார் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

“அது வந்து... அச்சுப் பிழை மேடம். நான் எழுதிக் கொடுத்தது 4x மைனஸ் 6y. அங்கே பிளஸ் விழுந்துடுச்சு. நானே இப்பத்தான் கவனிக்கறேன். மைனஸ் இருந்தா x நாலு, y ரெண்டுன்னு கச்சிதமா வந்திருக்கும்.”

“இருந்தாத்தானே சார்? பரீட்சைல கொடுத்த கணக்குக்கு சரியான விடை இவ எழுதினதுதான். பத்து மார்க்கையும் போடுங்க,” என்றார் தலைமையாசிரியை.

சிவப்புப் பேனா தயங்கித் தயங்கி நகர்ந்தது. ஐம்பத்து நாலு அடிபட்டு அறுபத்து நாலு ஆயிற்று.

சிரித்த அப்பாதான் முதலில் கை தட்டினார். அது பெஞ்சு பெஞ்சாகப் பரவி, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அம்மா போர்டுக்கே போய், சாக்பீஸ் படிந்த அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

“முன்னாடியே எங்கிட்ட சொல்லியிருக்கலாமேடி?”

“நீ எங்கேம்மா சொல்லவிட்ட?”

அம்மா அழுகையும் சிரிப்புமாக அவளைக் கட்டிக்கொண்டாள்.

தலைமையாசிரியை மட்டும் கை தட்டவில்லை. மேஜை மேலிருந்த விடைத்தாள் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். கைதட்டல் ஓய்ந்ததும் நிமிர்ந்தார்.

“பத்துக்குப் பத்து வாங்கின இருபத்தாறு பேருமே 4x மைனஸ் 6y-ன்னுதான் எழுதியிருக்காங்க. வினாத்தாள்ல இருக்கறது பிளஸ். அது மைனஸ்னு இவங்களுக்கு மட்டும் எப்படி சார் தெரிஞ்சுது?”

வாத்தியார் கட்டைத் திரும்ப வாங்க அவசரமாகக் கை நீட்டினார்.

“சாயந்திரம் உங்க வீட்டுக்கு எத்தனை பேர் ட்யூஷன் வர்றாங்க?”

“ஒரு... ஒரு...” என்று இழுத்தார் வாத்தியார். சாருக்கு எண்ணிக்கை மறந்துவிட்டதாக்கும் என்று நினைத்து, முதல் பெஞ்சிலிருந்து வகுப்பு லீடர் துள்ளி எழுந்தாள்.

“அங்கேயும் நான்தான் மேடம் லீடர். மொத்தம் இருபத்தாறு பேர்!”